சிசிடிவி கேமரா குண்டுவெடிப்பைத் தடுக்குமா? டெல்டாவில் கேமரா மாட்டுகிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றி முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் கடை, கல்யாண மண்டபம், கோயில், நகர் நலச்சங்கம் என்று கேமரா மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. 2022 அக்டோபரில் கோவையில் கோயில் வாசலில் கார் வெடித்தபோதும், 2024 மார்ச்சில் பெங்களூருவில் ஓட்டலுக்குள் குண்டு வெடித்தபோதும், மறுநாளே போன் வர ஆரம்பித்துவிட்டது. "நம்ம தெருவுக்கும் எட்டு கேமரா போட்டுடுங்க, எதுக்கும் நல்லது." போட்டுக் கொடுத்தேன், காசும் வாங்கினேன். அந்த "எதுக்கும்" என்பதில் எது அடங்கும், எது அடங்காது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கேமரா இருந்தால் தீவிரவாதி வரமாட்டானா?

வருவான். வந்தது பதிவாகும்.

திருடன் கேமராவைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறானே, இவன் மட்டும் ஏன் போகமாட்டான்?

திருடனுக்கு நாளைக்கும் திருட வேண்டும். அதனால் மாட்டிக்கொள்ளக் கூடாது. கேமரா அந்தப் பயத்தில்தான் வேலை செய்கிறது. சாகத் துணிந்து வருகிறவனுக்கு அந்தப் பயம் கிடையாது. இன்னும் சொன்னால், ஊரே பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் நோக்கம். அவன் செய்ததை நாலு நாள் டிவியில் திரும்பத் திரும்பப் போட நம் கேமராவே படம் கொடுக்கும்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. நம் கடலுக்கு அந்தப் பக்கம் நீர்கொழும்புக்கு அருகே கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயம். முதுகில் பையோடு ஒருவன் வளாகத்தில் நிதானமாக நடந்து வருகிறான், எதிரே வந்த ஒரு குழந்தையின் தலையைத் தடவிக் கொடுக்கிறான், உள்ளே போகிறான். இத்தனையும் கேமராவில் தெளிவாக இருக்கிறது. அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலுமாக 260-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதைத் தடுத்திருக்கக்கூடிய விஷயம் ஒன்று இருந்தது, ஆனால் அது கேமரா இல்லை. ஏப்ரல் 4-ஆம் தேதியே இந்திய உளவுத்துறை தகவல் கொடுத்திருந்தது. அது ஃபைலுக்குள் தூங்கியது. அன்றைய அதிபர் சிறிசேன பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்த அலட்சியத்துக்காகத்தான்.

2005 ஜூலை 7 லண்டன் கதையும் இதேதான். காலை 7.20 வாக்கில் லூட்டன் ரயில் நிலையத்துக்குள் நான்கு பேர் பையோடு நுழையும் படம் உலகத்துக்கே தெரியும். ஒன்றரை மணி நேரம் கழித்துக் குண்டுகள் வெடித்தன, 52 பேர் இறந்தார்கள். பிரான்ஸில் நீஸ் நகரம், 2016 ஜூலை 14. அந்நாட்டில் அதிகக் கேமரா உள்ள ஊர்களில் ஒன்று. கூட்டத்தில் லாரியை ஏற்றி 86 பேரைக் கொன்றவன், முந்தைய நாட்களில் அதே லாரியோடு அதே கடற்கரைச் சாலையில் வந்து நோட்டம் பார்த்திருக்கிறான். கேமராக்களில் பதிவும் ஆகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான வண்டிகளில் அது ஒரு லாரி, அவ்வளவுதான்.

குண்டு வைத்துவிட்டுத் தப்பிக்க நினைப்பவன்?

அவனுக்குக் கேமரா பயம் உண்டு. ஆனால் பயந்து வராமல் போவதில்லை, வேஷம் போட்டு வருகிறான். பெங்களூருவில் தொப்பி, முகக்கவசம், கண்ணாடியோடு வந்து ரவா இட்லி வாங்கி, பையை வைத்துவிட்டுப் போன ஆள் ஓர் உதாரணம். சில பேர் கேமரா இல்லாத இடமாகப் பார்த்து நகர்ந்துவிடுவார்கள். பெரிய கோயில் வாசலில் நாம் கேமரா வைத்தால் அவன் பேருந்து நிலையத்துக்குப் போவான், அங்கேயும் வைத்தால் சந்தைக்கு. ஊரெல்லாம் மாட்ட என்னைப் போன்றவர்களுக்கு ஆசைதான், உங்கள் சங்கத்துக்குக் கட்டாது.

அப்படியானால் எதற்குத்தான் இதெல்லாம்?

பிறகு பிடிப்பதற்கு. இதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பெங்களூரு ஆள் வந்து போன வழியை ஓட்டல், தெரு, பேருந்து என்று ஒவ்வொரு கேமராவாகக் கோத்தார்கள். அந்தத் தொப்பி சென்னையில் ஒரு கடையில் வாங்கியது என்பதுவரை போய், 42-ஆம் நாள் மேற்கு வங்கத்தில் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். கோவையில் கார் வெடிப்பதற்கு முந்தைய இரவு, இறந்துபோனவரின் வீட்டிலிருந்து சிலர் எதையோ தூக்கிச் செல்லும் தெருக்கேமராக் காட்சி விசாரணைக்கு முதல் நூல்முனைகளில் ஒன்றாக இருந்தது. லண்டனில் 2005 ஜூலை 21-ல் குண்டு வெடிக்காமல் போய்த் தப்பி ஓடிய நான்கு பேரின் படங்களை மறுநாளே வெளியிட்டார்கள், ஒரு வாரத்தில் நான்கு பேரும் பிடிபட்டார்கள். அவர்கள் வெளியே இருந்திருந்தால் மறுபடி வைத்திருப்பார்கள் இல்லையா? அந்தக் கணக்கில் பார்த்தால் பிடிப்பதும் ஒரு வகைத் தடுப்புத்தான்.

ஆனால் நேரம் பிடிக்கும். 1999 ஏப்ரலில் லண்டனில் ஆணிகள் நிரப்பிய குண்டுகளை வாராவாரம் ஒருவன் வைத்தான். முதல் குண்டு 17-ஆம் தேதி. கேமரா நாடாக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்து அவன் படத்தை வெளியிட 29-ஆம் தேதி ஆகிவிட்டது. கூட வேலை பார்த்தவர் அடையாளம் தெரிந்து போலீஸுக்குப் போன் செய்தது 30-ஆம் தேதி மாலை. அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றாவது குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். கேமரா படம் கொடுத்தது, "இது அவன்தான்" என்று சொன்னது ஒரு மனிதர். எந்த வழக்கை எடுத்துப் பார்த்தாலும் நடுவில் இப்படி ஓர் ஆள் நிற்பார்.

ஆராய்ச்சி எதுவும் இல்லையா?

இருக்கிறது, பெரும்பாலும் சாதாரணக் குற்றங்களைப் பற்றி. நாற்பது ஆண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, கேமரா உள்ள இடங்களில் குற்றம் சுமார் 13 சதவீதம் குறைந்திருக்கிறது. வாகன நிறுத்துமிடங்களில் பலன் அதிகம். அடிதடி, கொலை போன்றவற்றில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. தீவிரவாதம் நல்லவேளையாக அபூர்வமாக நடப்பது, அதை வைத்துச் சதவீதம் போடவே முடியாது. "எங்கள் கேமரா வந்த பிறகு நம் ஊரில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை" என்று யாராவது விற்க வந்தால், அதற்கு முன்னால் எத்தனை வெடித்தது என்று கேளுங்கள்.

கன்ட்ரோல் ரூமில் ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால்?

பதினாறு கட்டம் போட்ட டிவியை அரை மணி நேரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் மாட்டிக் கொடுத்த ஒரு மண்டபத்தில் அந்த டிவிக்கு எதிரே வாட்ச்மேனின் நாற்காலி இருந்தது. மூன்றாம் மாதம் போனபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். "கண்ணு எரியுது தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

தெருவில் இருக்கிறவர்களின் கண் வேறு மாதிரி. 2010 மே 1 அன்று நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வெடிகுண்டு வைத்த காரைக் கண்டுபிடித்தது நடைபாதை வியாபாரிகள். காரிலிருந்து புகை வருவதைப் பார்த்துப் போலீஸைக் கூப்பிட்டார்கள். கேமரா அங்கே என்ன செய்தது தெரியுமா? சட்டையைக் கழற்றியபடி போன யாரோ ஒருவரைக் காட்டியது. அந்தப் படத்தை வெளியிட்டுத் தேடினார்கள், அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை. 2007-ல் லண்டனில் இரவு விடுதி வாசலில் குண்டோடு நின்ற காரைக் கவனித்தது வேறு வேலையாக வந்த ஆம்புலன்ஸ்காரர்கள்.

நம் ஊரில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெஞ்சுக்கு அடியில் கட்டைப்பை ஒன்று இரண்டு மணி நேரமாகக் கிடந்தது. எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, "இது காலையில வந்த ரெண்டு பேரோட பை, அவங்க பஸ் ஏறிட்டாங்க" என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்ல, அவர்கள் போலீஸுக்குச் சொன்னார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஃபுட்டேஜ் எடுக்கச் சொன்னார்கள். கேமராவுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு பழக்கடைக் குடை. இரண்டு மணி நேரமும் திரையில் தெரிந்தது அந்தக் குடையின் மஞ்சள் துணிதான். பையில் இருந்தது வேட்டியும் அதிரசமும்.

முகத்தை அடையாளம் காணும் கேமரா வந்துவிட்டதே? மகாமகத்துக்கு அதைப் போடலாமே?

2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் தேடப்பட்ட இரண்டு பேரின் படமும் அரசாங்கப் பதிவுகளில் இருந்தும் அந்த மென்பொருள் கண்டுபிடிக்கவில்லை என்று அங்கே போலீஸ் கமிஷனரே சொன்னார். அதன் பிறகு தொழில்நுட்பம் நிறைய முன்னேறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். அடுத்த மகாமகம் 2028-ல். ஒரு நாளில் பத்து லட்சம் பேர் கேமராவைத் தாண்டுகிறார்கள், அதில் ஒரே ஒருவன் தேடப்படுபவன் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒரு முகத்தில்தான் மென்பொருள் தப்பு செய்யும் என்றாலும் ஆயிரம் பேரை அது "இவன்தான்" என்று காட்டும். அந்த ஆயிரம் பேரையும் நிறுத்தி ஆதார் கேட்க எத்தனை போலீஸ் வேண்டும்? நிறுத்தப்படுகிறவர் உங்கள் மாமாவாக இருந்தால்?

2005-ல் லண்டனில் ஆளை மாற்றிப் பார்த்து, ஜூலை 22 அன்று ஒன்றும் அறியாத பிரேசில்காரர் ஒருவரைப் போலீஸ் ரயிலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றது. அங்கே தவறியது மென்பொருள் இல்லை, மனிதர்கள்தான். ஆனால் பதற்றமான நாளில் "ஜாடை ஒத்துப்போகிறது" என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைத் தாண்டி வேறு உதாரணம் வேண்டாம்.

எங்கள் கடைத்தெருவில் எட்டு கேமரா இருக்கிறது. போன மாதம் பைக் திருடு போனது, முகமே தெரியவில்லை. கேமரா மட்டமா?

கேமரா நல்லதுதான், கோணம் மட்டம். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் போட்டிருப்பது 2 மெகாபிக்சல். அதாவது படத்தின் அகலத்தில் 1920 புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் விழ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சர்வதேச அளவுகோல். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம், நம் கணக்கில் 25 அடி. அதைவிட அகலமாகக் காட்டினால் முகம் கரையத் தொடங்கும். தெரிந்தவரைத் தெரிந்தவர் அடையாளம் சொல்ல 125 புள்ளி போதும், அதற்கு 50 அடி வரை போகலாம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? "ஒரே கேமராவில் தேரடியும் தெரியணும், பஸ் ஸ்டாப்பும் தெரியணும்" என்று மூலைக் கம்பத்தில் உச்சியில் வைக்கச் சொன்னீர்கள். அங்கிருந்து நூறு அடி அகலம் தெரிகிறது, மீட்டருக்கு 60 புள்ளி சொச்சம். ஒரு முகத்தின் அகலம் 16 சென்டிமீட்டர் என்றால் அந்த முகத்துக்குக் கிடைப்பது பத்தே புள்ளி. கோலத்தில்கூட அதைவிடப் புள்ளி அதிகம். சினிமாவில் வருவதுபோல் பெரிதாக்கினாலும் அந்தப் பத்துப் புள்ளிதான் பெரிதாகும்.

அதனால் நான் இப்போதெல்லாம் சொல்வது: எட்டில் ஆறு கேமரா தெருவைப் பார்க்கட்டும், இரண்டு கேமரா தெருவின் நுழைவிலும் முடிவிலும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முகத்தையும் வண்டி எண்ணையும் மட்டும் பார்க்கட்டும். திரையில் அழகாக இருக்காது. வேலைக்கு ஆகும்.

பதிவு எத்தனை நாள் இருக்கும்?

2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல். எட்டு கேமராவுக்கு 173 ஜிபி. ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது, பழசின் மேல் புதுசு எழுதிக்கொண்டே போகும். சதித்திட்டம் போடுகிறவன் முன்கூட்டி நோட்டம் பார்க்க வருவது பல நாள் முன்னால். அந்தப் பதிவுதான் விசாரணைக்குத் தேவைப்படும், அதுதான் முதலில் அழியும். குறைந்தது 4 டெராபைட் போடுங்கள், மூன்று வாரம் கிடைக்கும்.

டிஸ்க் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அதில் என்ன அமைப்பு வைத்திருக்கிறோம் என்பதும் பார்க்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்திருந்தது என்று விசாரித்த மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், வழியில்லாவிட்டால் ஓராண்டாவது, இருக்க வேண்டும் என்றது.

அப்புறம் கடிகாரம். கரண்ட் போய்ப் போய் வந்து, டிவிஆர், அதாவது கேமராப் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி, அதன் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி எங்கேயோ போய் நிற்கும். நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடையில் நான் போய்ப் பார்த்தபோது திரையில் ஓடிய நேரம் ஏழு மணி நேரம் பின்னால் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. நான்கு கடைக் கேமராக்களில் ஒருவனைப் பின்தொடர வேண்டும் என்றால் நான்கு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். மாதம் ஒருமுறை செல்போனைப் பக்கத்தில் வைத்துச் சரி பாருங்கள். லென்ஸையும் துடையுங்கள். இரவில் கேமராவின் விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், காலையில் பார்த்தால் ராத்திரி முழுக்க வெள்ளை நூல் ஆடிக்கொண்டிருப்பதுதான் பதிவாகியிருக்கும். கடலோரத்தில் உப்புக் காற்று ஸ்க்ரூவைத் தின்றுவிடும். கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கேமராவா முக்கியம் என்பீர்கள், வாஸ்தவம்தான்.

நம் பகுதிக்கு ஆபத்து கடல் வழியாகத்தானே? கடற்கரை முழுக்கப் போட்டால்?

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலைக்கு வந்த குழு 1991 மே 1 அன்று இறங்கியது நம் கோடியக்கரையில்தான். அந்த வழக்கிலும் ஒரு கேமராதான் பெரிய சாட்சி. சதிக்குழு தங்களுக்காக அழைத்து வந்த புகைப்படக்காரர் ஸ்ரீபெரும்புதூரிலேயே இறந்துபோனார். அவரிடம் இருந்த கேமராவுக்குள் ஃபிலிம் பத்திரமாக இருந்தது. மாலையோடு நின்ற பெண்ணின் படமும் பக்கத்தில் நின்றவனின் படமும் அதிலிருந்துதான் வந்தன. அதுவும் பிறகுதான், பாருங்கள்.

கோடியக்கரையிலிருந்து கொள்ளிடம் முகத்துவாரம் வரை மணலும் அலையாத்தியும் சேறுமாகக் கிடக்கிற கரையில் கம்பம் நட்டுக் கேமரா வைப்பது காரியத்துக்கு ஆகாது. புதுப் படகு, பழக்கமில்லாத முகம், நேரங்கெட்ட நேரத்தில் கரையேறும் ஆள் என்று மீனவருக்குப் பார்த்த கணத்தில் தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 என்ற எண்ணை வைத்திருப்பதும் அதற்காகத்தான். அவர்கள் நடத்தும் 'சாகர் கவச்' ஒத்திகையில் தீவிரவாதி வேஷத்தில் போலீஸாரே படகில் வருவார்கள். அந்த வேஷக்காரர்களை ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுத்த செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் கேமரா வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். வேறு காரணத்துக்கு. 1992 பிப்ரவரி 18 மகாமகத்தில் குளக்கரை நெரிசலில் சுமார் ஐம்பது பேர் இறந்தார்கள். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலையில் தீப்பிடித்து 48 பேர். இரண்டிலும் தீவிரவாதி யாரும் இல்லை. நெரிசல் சேரும் மூலையை மேலிருந்து பார்த்து, "அந்தத் தடுப்பைத் திற, இந்த வாசலை மூடு" என்று மைக்கில் சொல்ல ஓர் ஆள் இருந்தால் கேமரா உயிரைக் காப்பாற்றும். கந்தூரிக்கும், கொடியேற்றத்துக்கும், ஆழித்தேருக்கும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கோணத்தைத்தான்.

சிலைத் திருட்டுக்கும் வேண்டும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் பக்கத்துச் சாமிகள் பல வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்ததற்கு உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். உங்கள் கோயில் திருமேனிகளை நான்கு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கேமராவுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள், செலவும் இல்லை.

போலீஸ் வந்து ஃபுட்டேஜ் கேட்டால் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதுமா?

கொடுக்கலாம், ஆனால் நீதிமன்றத்தில் நிற்க அதோடு சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டம் 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆவது பிரிவு. பதிவு எந்தக் கருவியில் இருந்தது, கோப்பின் 'ஹாஷ்' எண் (கோப்புக்குக் கைரேகை மாதிரி, உள்ளே எதை மாற்றினாலும் இதுவும் மாறிவிடும்) என்ன என்பதெல்லாம் அதில் வரும். செல்போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது சாட்சியாகாது. ஊர் குரூப்பில் போடவே போடாதீர்கள். பாஸ்டனில் இணையத்தில் ஆள் தேடப் போனவர்கள் சம்பந்தமில்லாத இளைஞர்களைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள்.

சீனக் கேமரா வேவு பார்க்குமாமே?

2025 ஏப்ரல் 9 முதல் பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் இந்தியாவில் விற்கலாம், பில்லோடு வாங்குங்கள். ஆனால் நான் போகிற இடத்தில் பாதிக்கு மேல் பாஸ்வேர்டு இன்னமும் கம்பெனி போட்டுக் கொடுத்ததுதான். 2016-ல் அப்படிப்பட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து வைத்துக்கொண்டுதான் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கினார்கள். வேவு பார்க்க சீனாவிலிருந்து வர வேண்டாம், பக்கத்துத் தெருப் பையனே போதும்.

எங்கள் வீட்டுக் கேமரா எதிர் வீட்டு வாசலையும் காட்டுகிறது. அவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பாதுகாப்புக்குத்தானே என்றால் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடுவது உங்கள் டிஸ்கில் இருபது நாள் இருக்க வேண்டிய அவசியம் என்ன? டிவிஆர் மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒன்று இருக்கும், அவர்கள் வாசல் மேல் கறுப்புக் கட்டம் போட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை. போட்டதும் அவர்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டிவிடுங்கள்.